இருபது வாளிக் கணக்கு

தண்ணீர் பில் வந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அண்ணன் குதிக்க ஆரம்பித்துவிட்டான்.

"மூணு மடங்குக்கு மேல வந்திருக்கு! குளியலறைக்குள்ள போனா ஊரே குளிச்ச மாதிரி சத்தம் வருது. பின்ன வராம?"

பெயர் சொல்லவில்லைதான். ஆனால் வீட்டில் இருப்பது மூன்றே பேர். தையல் மெஷினில் குனிந்திருந்த அண்ணி சட்டென்று நிமிர்ந்தாள். கணவனைப் பிரிந்து எட்டு மாதமாக அந்த வீட்டில் இருக்கும் தங்கை, காபி டம்ளரைக் கீழே வைத்தாள். அழகு நிலையத்தில் நாள் முழுக்கப் பிறர் தலையை அலசுபவள் அவள். வேலை முடிந்து வந்ததும் அவளுக்கு ஒரு நல்ல குளியல் வேண்டும். அது உண்மை.

"என்னைத்தானே சொல்ற?" என்றாள்.

"பொதுவாச் சொன்னேன்."

"பொதுவாச் சொன்னா எனக்கு ஏன் குத்துது? குடு அந்தப் பில்லை."

பேச்சை விழுங்கிக்கொண்டு மூலையில் உட்காருகிற ரகமில்லை அவள். பில்லை மேசையில் விரித்தாள்.

"இங்க பாரு. போன தடவை ரீடிங் 412, இந்தத் தடவை 451. முப்பத்தொன்பது யூனிட். ஒரு யூனிட்டுன்னா ஆயிரம் லிட்டர். முந்தின பில்லுல இருபதுதான். அப்பவும் நான் இங்கதானே இருந்தேன்? அப்பவும் குளிச்சேனே?"

"தண்ணி ரெண்டு மடங்குன்னா பணம் எப்படி மூணு மடங்குக்கு மேல போகும்?" என்று அண்ணி கேட்டாள்.

"இருபத்தஞ்சு யூனிட் வரைக்கும் ஒரு ரேட்டு அண்ணி. அதுக்கு மேல போற ஒவ்வொண்ணுக்கும் மூணு மடங்கு. இதோ, பில்லுலேயே பொடி எழுத்துல போட்டிருக்கான்." அண்ணன் பக்கம் திரும்பினாள். "ரெண்டு மாசத்துல பத்தொன்பதாயிரம் லிட்டர் கூடுதல். நாளுக்கு முந்நூறு லிட்டர். அதுக்கு நான் தினம் இன்னும் இருபது வாளி ஊத்திக்கணும். நான் என்ன எருமையா?"

அண்ணி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அப்ப தண்ணி எங்கதான் போகுது?" அண்ணனின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"வா, மீட்டரையே கேட்போம்."

வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடினார்கள். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த இரும்பு மூடியை அண்ணன் தூக்கினான். தங்கை உள்ளே படிந்திருந்த ஒட்டடையை வழித்து, மீட்டரின் கண்ணாடியைத் துடைத்தாள். கறுப்பு எண்கள் யூனிட்டைக் காட்டின. அருகில், தண்ணீர் ஓடினால் சுற்றும் நட்சத்திரம் போன்ற ஒரு சின்னச் சக்கரம். ஒரு குழாய்கூடத் திறந்திருக்கவில்லை. ஆனாலும் அது மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

"திருடன் வீட்டுக்குள்ளதான் இருக்கான்," என்றாள்.

அண்ணனை அங்கேயே நிறுத்திவிட்டு உள்ளே போய், சமையலறைக்குப் போகும் வால்வை மூடினாள்.

"சுத்துது!" என்று அண்ணன் கத்தினான்.

அதைத் திறந்துவிட்டு, கழிப்பறையின் ஃப்ளஷ் தொட்டிக்குப் போகும் வால்வைத் திருகி மூடினாள்.

"நின்னுடுச்சு!"

அண்ணி துணிக்குப் போடும் நீலத்தை எடுத்துவந்து தொட்டிக்குள் நாலு சொட்டு விட்டாள். யாரும் விசையை அழுத்தவில்லை. சிறிது நேரத்தில் கீழே பீங்கானில் நீலக் கோடொன்று சத்தமில்லாமல் இறங்கியது. மூன்று பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு அதைப் பார்த்தார்கள். தொட்டியின் அடியில் இருந்த ரப்பர் மூடி நைந்துபோய், நாளெல்லாம் தண்ணீரை ஒழுகவிட்டுக்கொண்டிருந்தது.

அண்ணன் தலையைச் சொறிந்தான். கடைசல் பட்டறையில் நூலிழை பிசகினாலும் கண்டுபிடிக்கிற ஆள் அவன்.

"தப்பு என்மேலதான். வாய் இருக்குன்னு பேசிட்டேன்," என்றான். "மனசுல வெச்சுக்காதம்மா."

"வெச்சுக்க மாட்டேன். ஆனா இனிமே பொதுவாப் பேசாதே. கேட்கணும்னா நேராக் கேளு."

"சரி."

கடைக்குப் போய்ப் புது ரப்பரை வாங்கிவந்து அவனே மாட்டினான். பிறகு வால்வைத் திறந்துவிட்டு மூவரும் வாசலுக்கு ஓடினார்கள். சக்கரம் அசையவில்லை. அண்ணன் நம்பாமல் குனிந்து, கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டியும் பார்த்தான்.

"அடிக்காதே, அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்று அண்ணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அடுத்த பில்லில் யூனிட் பத்தொன்பதுக்கு இறங்கியது. அதற்குள் தங்கை சொந்தமாக ஓர் அழகு நிலையம் வைக்க இடம் தேட ஆரம்பித்திருந்தாள். கடைத்தெருவில் ஓர் அறை பிடித்துப்போனது. வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன், கட்டட உரிமையாளரிடம் அவள் கேட்டாள்:

"இந்த ரூமுக்குத் தனி மீட்டர் உண்டா? எங்க இருக்கு, காட்டுங்க."