அப்படி யாரும் இங்கன இல்லை

"போலீஸ் ரிப்போர்ட்ல நீங்க அந்த வீட்லயே இல்லன்னு வந்திருக்கும்மா" என்றார் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்.

வேல்விழிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "அங்கதான் மேடம் இருக்கேன். காலையில அங்க இருந்துதான் பஸ் ஏறி வந்தேன்."

"இருப்பீங்க. ஆனா வீட்ல இருந்த வயசான அம்மா, அப்படி யாரும் இங்க இல்லன்னு சொன்னதா எழுதியிருக்காங்க. மறு விசாரணைக்கு எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

வேல்விழியின் சிரிப்பு நின்றுபோனது. ஆமத்தூர் வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அவளும் மாமியார் வேலுத்தாயும்.

எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. கல்யாணமாகி நாற்பது நாள் கூட ஆகாமல் செல்வக்குமார் ஷார்ஜாவுக்குப் போனான். அங்கே ஒரு அச்சகத்தில் ஆப்செட் மெஷின் ஓட்டுகிறான். தீபாவளிக்குள் மனைவி வந்து சேர வேண்டும் என்று சொல்லி, கம்பெனி அவனுக்குத் தனி ரூம் ஒன்றின் சாவியைக் கொடுத்திருக்கிறது. இல்லையென்றால் அந்த ரூம் வரிசையில் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும். பிறகு எப்போது கிடைக்குமோ, சொல்ல முடியாது. இப்போது ஆவணி. பாஸ்போர்ட் வந்தால்தான் விசாவுக்கே கொடுக்க முடியும்.

மகன் இந்தச் செய்தியைப் போனில் சொன்ன அன்று, வேலுத்தாய் "ம்" என்றதோடு எழுந்து போய்விட்டாள். அந்த "ம்" இப்போது வேல்விழியின் காதுக்குள் பெரிதாகக் கேட்டது. பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே. போலீஸிடம் போய், ஆளே இல்லை என்றா சொல்வது?

வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"அத்தை, என்னைக் கேட்டு யாராச்சும் வந்தாகளா?"

முறத்தில் கிடந்த சீனியவரை வத்தலைப் பரப்பிக்கொண்டிருந்த வேலுத்தாய் நிமிர்ந்தாள். "எப்ப?"

"போன வாரம். பேரு சொல்லி."

"அவனா? பைக்ல ஒருத்தன் வந்தான். வேல்விழி யாரு, என்ன வேலை பாக்கா, எம்புட்டு நாளா இருக்கான்னு கேட்டான். அப்படி யாரும் இங்கன இல்லன்னு அனுப்பிட்டேன்." சொன்ன குரலில் பெருமைதான் இருந்தது.

"ஏன் அத்தை அப்படிச் சொன்னீக?"

"பெறகு? பேரைக் கேட்டு வந்தா கூட்டிட்டுப் போறதுக்குத்தானே வருவாக. மேலத்தெரு நாகையா பொண்டாட்டி லைசென்சு இல்லாம வீட்ல வச்சு சரவெடி பின்னுனான்னு போலீசுல அள்ளிட்டுப் போனாகள்ல, அவளையும் இப்படித்தான் பேரைக் கேட்டு வந்தாக."

"நாம வீட்ல ஒண்ணும் பின்னலயே."

"பின்னலன்னா என்ன? நீ வேலை பாக்கது பட்டாசுக் கம்பெனி. சீசன் நேரம். எழுதணும்னு நினைச்சா எதையும் எழுதுவான். உனக்குப் போன் அடிச்சா எடுக்கலன்னு வேற சொன்னான். எடுக்காததே நல்லதுன்னு நினைச்சேன்."

கம்பெனியில் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். சாயங்காலம் கையில் கொடுத்தபோது தெரியாத நம்பர் ஒன்று இருந்தது. ஏதோ லோன் கம்பெனி என்று அவளும் விட்டுவிட்டாள்.

"அது பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்த போலீஸ், அத்தை."

வேலுத்தாயின் கை வத்தலிலேயே நின்றது. "பாஸ்போட்டுக்கு எதுக்கு போலீசு?"

"நான் இங்கன இருக்கேனான்னு பாக்கத்தான்."

"இதை முன்னமே சொல்ல மாட்டியா தாயி?"

சொல்லவில்லைதான். வேல்விழி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "நீங்க என்னை அனுப்பப் பிடிக்காம சொல்லிட்டீகன்னு நினைச்சேன்."

வேலுத்தாய் முறத்தை அவள் பக்கம் தள்ளினாள். "அனுப்பப் பிடிக்காதவதான் வெயில்ல உக்காந்து இம்புட்டு வத்தல் போடுவாளாக்கும். உள்ள மோர்மிளகாய் ஒரு டின்னு இருக்கு. அது இல்லாட்டி உன் புருசனுக்குச் சோறு எறங்காது."

"அன்னைக்கு வெறும் 'ம்'னு சொன்னீகளே?"

"அடுப்புல பருப்பு பொங்குச்சு. பாட்டா பாட முடியும்?"

வேல்விழிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மதுரையிலிருந்து சுமந்து வந்த பாரம் எங்கே இறங்கியது என்றே தெரியவில்லை.

பத்து நாள் கழித்து ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. அது தவறிவிடக் கூடாதென்றே வேல்விழி அதுவரை லீவு எடுத்திருந்தாள். வேலுத்தாய் மகன் அனுப்பிய சேலையைக் கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டு கற்பகவல்லியையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அன்றைக்குப் பைக்கில் வந்த ஏட்டு உக்கிரபாண்டி வேலுத்தாயைப் பார்த்ததும் பேனாவை மூடினார்.

"நீங்கதானம்மா சொன்னீக, அப்படி யாருமே இல்லன்னு."

"அன்னைக்கு இல்ல ஏட்டையா. இன்னைக்கு இருக்கா."

கற்பகவல்லி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஏட்டு வேல்விழியைப் பார்த்தார். "இவுக உனக்கு என்ன வேணும்?"

"மாமியார் சார்."

"மருமக இருக்கிறதை மறந்த மாமியாரை இப்பத்தான் பாக்கேன்."

"நீங்க எதுக்கு வந்தீகன்னு நாங்க என்னத்தக் கண்டோம்?" என்றாள் வேலுத்தாய். "பாஸ்போட்டுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காப்பி குடுத்து உக்கார வச்சிருப்பேன்."

"சொல்லுறதுக்குள்ள கதவைச் சாத்திட்டீகளே."

வேலுத்தாய் கையிலிருந்த காகிதங்களை எடுத்து நீட்டினாள். ஏட்டு ஆதாரையும் ரேஷன் கார்டையும் சரிபார்த்தார். மூன்று பெண்களிடமும் கையெழுத்து வாங்கினார். "இந்த வாரமே மேல அனுப்பிருதேன். போய்ட்டு வாம்மா" என்றபோது அவர் முகத்திலும் சிரிப்பு இருந்தது.

அன்றைக்கு வீடியோ காலில் கதையைக் கேட்ட செல்வக்குமார் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. "விழி, ரூமுக்கு வெளிய உன் பேரையும் சேத்து எழுதி ஒட்டிரவா? ஆள் இருக்குன்னு தெரியட்டும்."

"முதல்ல ரூமைக் கூட்டுங்க மாமா" என்றாள். அவன் போனைத் திருப்பிக் காட்டினான். கூட்டித்தான் வைத்திருந்தான்.

புரட்டாசி பிறந்த வாரத்தில், பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பிவிட்டதாகச் செய்தி வந்தது. மறுநாள் வேலுத்தாய் அவளைத் தெருமுனைக் கடைக்குக்கூட விடவில்லை.

"தபால்காரன் வந்து ஆளில்லன்னு எழுதிட்டுப் போயிருவான். ஏற்கனவே ஒருக்கா பட்டது போதும்."

மதியம் வாசலில் சைக்கிள் நின்றது. தபால்காரர் புதியவர். "இங்க வேல்விழின்னு..."

"இருக்கா." அவர் முடிக்கும் முன்பே வேலுத்தாயின் குரல் தெரு முழுக்கக் கேட்டது. "இங்கனதான் இருக்கா. ஏ விழி, வெளிய வா."

ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து வேல்விழி கையெழுத்துப் போட்டாள். உறையைப் பிரித்ததும் வேலுத்தாய்தான் முதலில் வாங்கிப் பார்த்தாள். போட்டோவைத் தள்ளிப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்துவிட்டு, பத்திரமாக மருமகள் கையில் வைத்தாள்.

"அங்கன போய் நீ தனியா இருக்கும்போது யாராச்சும் வந்து பேரைக் கேட்டா..."

"இருக்கேன்னு சொல்லிருதேன் அத்தை."

"கிறுக்கி. எதுக்குக் கேக்காகன்னு முதல்ல கேளு. பெறகு சொல்லு."