மீசைக்குள் கசிந்த காற்று

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுநர். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற வியாதி அவருக்கு. குறட்டை ஊரைக் கூட்டும். பகலில் சிக்னலில் நின்றால் கண் சொக்கும். டெப்போ டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: மூச்சு மெஷினை முப்பது ராத்திரி, தினமும் ஆறு மணி நேரம் மாட்ட வேண்டும். எல்லாம் மெஷினிலேயே பதிவாகும். குறைந்தால் இனி பஸ் கிடையாது, டிக்கெட் கவுண்டர்தான்.

மனிதர் சமர்த்தாக மெஷினோட மாஸ்க்கை மூக்கில் மாட்டிப் படுப்பார். ராத்திரி ஒரு மணி அடித்ததும் தூக்கக் கலக்கத்தில் பிடுங்கி எறிந்துவிடுவார். சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். கவுண்டரில் உட்கார வைத்தால் மனிதர் பாதியாக இளைத்துவிடுவார். அதனால் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். அவர் கழற்றியதும் எடுத்து நான் மாட்டிக்கொண்டேன். அவருக்கே தெரியாது.

மாதம் முடிந்து டாக்டரிடம் போனோம். மெஷின் பதிவைப் பார்த்த டெக்னீஷியன் பெண், அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"சார், தினமும் ஒரு மணி வரைக்கும் மாஸ்க்ல காத்து கசியுது. உங்க மீசை அப்படி. ஒரு மணிக்கு மேல கொஞ்சம்கூட கசியல. நடு ராத்திரில எழுந்து ஷேவ் பண்ணிக்கிறீங்களா?"

அவர் மீசையைத் தடவியபடி திருதிருவென்று விழித்தார். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "அந்த பஸ்ல அறுபது பேர் ஏறுறாங்கம்மா" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பஸ் ஓட்டலாம் என்று கையெழுத்துப் போடாமல் இன்னும் முப்பது ராத்திரி கொடுத்தார்.

அன்று சாயங்காலமே மீசை போய்விட்டது. எங்கள் கல்யாண போட்டோவிலேயே இருந்த மீசை அது.

"யாருங்க நீங்க?" என்றேன்.

"புதுசா குடி வந்திருக்கேன்" என்றார்.

மறுபடி போனபோது அந்தப் பெண் நிதானமாகப் பார்த்தாள். "எல்லா நாளும் ஏழு மணி நேரம். பன்னெண்டாம் ராத்திரி மட்டும் மூணு மணிக்கு நாலு நிமிஷம் நின்னிருக்கு. ஏன் சார்?"

அவர் நெளிந்தார். "முழிப்பு வந்துச்சு. இவ என்னைக் காவல் காத்துக்கிட்டு உக்காந்தபடியே தூங்கிட்டிருந்தா. கழுத்து வலிக்குமேன்னு படுக்க வச்சேன். உடனே மாட்டிக்கிட்டேம்மா."

எனக்கு அது தெரியவே தெரியாது. அழுகை வந்துவிட்டது.

"அந்த நாலு நிமிஷம் போகட்டும்" என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார்.