சம்பந்திக்கு மைல் கிடையாது

எங்கள் குபோ சந்தைக்கு மேலே நாளெல்லாம் விமானம் போய்க்கொண்டிருக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் விமான நிலையம். ஆனால் சந்தையில் கடை வைத்திருக்கிற எங்களில் யாரும் ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் அதில் ஏறியதில்லை. ஏறினாலும் எந்தக் கம்பெனி மலிவோ அதில்தான். விசுவாசமாவது மண்ணாவது. பத்து காசு குறைகிறதென்றால் இறக்கை இல்லாத விமானத்தில்கூட நான் ஏறி உட்கார்ந்துவிடுவேன்.

ஆனாலும் என்னிடம் மைல் மலைபோலக் குவிந்து கிடந்தது. பறந்து சேர்த்ததில்லை, கோஸ் வாங்கிச் சேர்த்தது. நான் கோஸையும் முள்ளங்கியையும் உப்பிலும் மிளகாயிலும் ஊறப்போட்டுக் கிம்ச்சியாக விற்கிறவள். கோஸ், முள்ளங்கி, பூண்டு, மிளகாய்த்தூள் எல்லாம் மொத்தமாக வாங்குவேன். எல்லாவற்றுக்கும் ஒரே கார்டைத் தேய்ப்பேன். தேய்க்கத் தேய்க்க விமானக் கம்பெனிக்காரன் என் பெயரில் மைல் போடுவான், சேர்ந்தால் அதைக் கொடுத்துக் காசில்லாமல் பறக்கலாம். அந்தக் கார்டை வாங்கித் தந்தவன் என் மகன் கியூமின். செல்போன் கடையில் வேலை பார்ப்பதால் இந்த மாதிரிச் சில்லறைத் தந்திரமெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

வாங்குவதற்கு முன் என்னை உட்கார வைத்துப் பாடமே நடத்தினான். ஓயாமல் பறக்கிறவன் எந்தக் கம்பெனியில் சேர்ந்தாலும் பிழைத்துக்கொள்வான், உன்னை மாதிரி எப்போதாவது பறக்கிறவள்தான் யோசித்துச் சேர வேண்டும் என்றான். மஞ்சள் கம்பெனியில் ஒன்றரை வருடம் பறக்காமல் இருந்தால் சேர்த்ததெல்லாம் செத்துப்போகும். பைன் மரம் போட்ட கம்பெனியில் சாகாது, ஆனால் அவரவர் மைல் அவரவருக்குத்தான். வாலில் முயல் வரைந்த கம்பெனியில் பத்து வருடம் உயிரோடு இருக்கும், குடும்பத்தில் ஒருத்தருக்குக் குறைந்தால் இன்னொருத்தர் கொடுத்து நிரப்பலாம். எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. குடும்பம் என்றால் ஒரே சட்டியில் தின்பதுதானே, முயலே போதும் என்றேன். நான் சேர்ந்த கையோடு எதிர்க் கடை பில்நாமையும் இழுத்துச் சேர்த்துவிட்டேன்.

பில்நாம் நெத்திலிக் கருவாடு விற்கிறவள். இருவரும் ஒரே வருடம் பிறந்தவர்கள், ஒரே வருடம் கடை போட்டவர்கள், தாலி அறுத்ததும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான். என் அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது அவள் கடையிலிருந்து ஒரு பிடி நெத்திலியைக் கேட்காமலே அள்ளிக்கொள்வேன். அவள் வந்து என் ஜாடியில் கையை விட்டு ஒரு துண்டு கிம்ச்சியைக் கிழித்து வாயில் போட்டுக்கொண்டு, "இன்னைக்கு உப்புல கோட்டை விட்டுட்டடி," என்று சொல்லிவிட்டுப் போவாள். அவள் பொல்லாத நாக்கை நம்பித்தான் என் கடையே ஓடியது. அவளிடம் அதை ஒருநாளும் சொன்னதில்லை.

அவளுக்கு லாஸ் ஏஞ்சலஸில் ஓர் அக்கா. அம்மா சின்ன வயதிலேயே போய்விட, பில்நாமை முதுகில் கட்டிக்கொண்டு வளர்த்தவள் அந்த அக்காதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இருவரும் போனில் பேசுவார்கள். போன வருடம் ஒரு ஞாயிறு அக்கா எடுத்த எடுப்பிலேயே, யார் பேசுவது என்று கேட்டாள். மறு வாரமும் கேட்டாள். பில்நாம் அன்றைக்குப் பாதி வியாபாரத்தில் கடையைச் சாத்திவிட்டு என் கடையில் வந்து நின்றாள்.

"அவ என்னைச் சுத்தமா மறக்கறதுக்குள்ள ஒரு தடவை போய் நிக்கணும்டி," என்றாள்.

போவது எப்படி? கருவாட்டு மூட்டை தூக்கித் தூக்கி அவள் முதுகு போய், அப்போதுதான் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்காரக் கூடாது. அமெரிக்காவுக்கோ பாதி நாள் பறக்க வேண்டும். படுத்துக்கொண்டே போகிற இருக்கை உண்டு, ஆனால் அதன் விலைக்கு ஒரு குட்டி லாரி வாங்கி நெத்திலி ஏற்றலாம். மைல் கொடுத்தால் அதே இருக்கை கிடைக்கும். அவளிடம் பாதிக்கு இருந்தது. என்னிடம் மீதிப் பாதி இருந்தது. என் மைலுக்கு அடுத்த வருட டிசம்பரோடு ஆயுள் முடிகிறது. எடுத்துக்கொள்ளடி என்று தூக்கிக் கொடுக்க நான் தயார், ஆனால் குடும்பத்துக்கு மட்டும்தான் கொடுக்கலாம் என்கிறான் முயல்காரன். முப்பது வருடம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து தின்றவர்கள் குடும்பம் இல்லையாம்.

இரண்டு நாள் பூண்டு உரித்துக்கொண்டே யோசித்தேன். மூன்றாம் நாள் அவளைக் கூப்பிட்டேன்.

"உனக்கு ஒரு பொண்ணு இருக்கா. எனக்கு ஒரு பையன் இருக்கான்."

"அதுக்கு?"

"அதுங்க ரெண்டும் கட்டிக்கிட்டா நாம குடும்பம்டி."

பில்நாம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கக்கூஸும் சம்பந்தி வீடும் தூரமா இருக்கணும்னு பெரியவங்க சொல்லுவாங்க. நம்ம ரெண்டு கடைக்கும் நடுவுல ஒரு சைக்கிள் நுழையாது," என்றாள்.

உன் அக்காவுக்காகத்தானே சொல்கிறேன் என்றேன். அவள் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள்.

அவள் மகள் தாசொம் பல் டாக்டரிடம் உதவிக்கு இருக்கிறாள். சின்ன வயதில் கியூமினைக் கருவாட்டுப் பெட்டியில் தள்ளி மூடி போட்டவள். இருவரையும் ஒரு காபிக் கடைக்கு அனுப்பினோம். தங்கள் அம்மாக்களுக்கு மைல் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம். சிரித்து முடியவில்லை என்று மறுநாளும் போனார்கள், மறு வாரமும் போனார்கள். அடுத்த வசந்தத்தில் கல்யாணம். மைலுக்காகவா கட்டிக்கொண்டாய் என்று மருமகளை ஒருநாள் கேட்டேவிட்டேன். "உங்க கிம்ச்சிக்காக, அத்தை," என்றாள். பொய்தான், ஆனாலும் காதுக்கு இதமான பொய்.

கல்யாணம் முடிந்தது, வினை ஆரம்பித்தது. சம்பந்தி ஆகிவிட்டோமே, இனி வாடி போடி என்று பேச முடியுமா? ஊர் என்ன சொல்லும்? மறுநாள் கடை திறக்கும்போது பில்நாம் இடுப்பை வளைத்து வணங்கி, "சம்பந்தியம்மா, நல்லா தூங்கினீங்களா?" என்றாள். நானும் கையில் கத்தியை வைத்துக்கொண்டே வளைந்து, "உங்க புண்ணியத்துல தூங்கினேன், சம்பந்தியம்மா," என்றேன். அவளுக்கு அதற்குள் முதுகு பிடித்துக்கொண்டது.

ஒரு பிடி நெத்திலி வேண்டுமென்றால் இனி கேட்காமல் எடுக்க முடியாது. கேட்டால் அவள் முதல்தரச் சரக்கைப் பெட்டியில் அடுக்கி, ஊதாப் பட்டுத்துணியில் முடிச்சுப் போட்டு, மகள் கையில் கொடுத்தனுப்புவாள். சம்பந்தி வீட்டுச் சீரை வெறும் துணியாகத் திருப்ப முடியுமா? நான் முள்ளங்கிக் கிம்ச்சியை அதே துணியில் கட்டி அனுப்புவேன். "மிகவும் ருசியாக இருந்தது, சம்பந்தியம்மா," என்று பதில் வரும். எதை அனுப்பினாலும் ருசியாகத்தான் இருந்தது. உப்பு கூடவா குறைவா, பூண்டு போதுமா என்று சொல்ல எனக்கு ஒரு நாதி இல்லாமல் போயிற்று. ஒரு சந்து அகலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளிடம் பேச நான் தாசொமைத்தான் தூது அனுப்பிக்கொண்டிருந்தேன். தினமும் ஆத்திரம் ஆத்திரமாக வரும், அழுகையும் வரும். யாரைக் குறை சொல்வது? என் யோசனைதானே.

முதுகு நன்றாக ஆறட்டும் என்று டாக்டர் இலையுதிர் காலம் வரை நிறுத்திவைத்தார். அவர் சரி என்றதும் நான், பில்நாம், தாசொம் மூவரும் முயல் கம்பெனியின் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த பையன் மிகவும் மரியாதையாக எங்கள் காகிதங்களைப் பார்த்தான். அப்புறம் இன்னும் மரியாதையாக ஓர் அட்டையைத் திருப்பிக் காட்டினான். புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள், அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, பேரன், மாமனார், மாமியார், மருமகன், மருமகள் என்று படம் போட்டிருந்தது.

"மன்னிக்கணும்மா. சம்பந்தி எங்க குடும்பத்துல வரமாட்டாங்க," என்றான்.

எனக்குக் கண்ணெல்லாம் இருட்டிக்கொண்டு வந்தது. வராமல் எங்கே போவார்கள், இவள் மைலுக்காக நான் என் ஒரே பையனைக் கொடுத்திருக்கிறேன் அப்பா என்று கத்தினேன். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பில்நாம் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போய், முடியாமல் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்கு முந்தின நாள் ஞாயிறு. அக்கா மூன்று தடவை அவளை யார் என்று கேட்டிருந்தாள்.

"விடுங்க சம்பந்தியம்மா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றாள். அந்த 'உங்களுக்கு' என்னைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

அதுவரை அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்த தாசொம் அதில் பிள்ளைகள் என்ற கட்டத்தில் ஒரு விரலையும், மருமகள் என்ற கட்டத்தில் இன்னொரு விரலையும் வைத்தாள். இரண்டும் நான்தானே, என் கணக்கில் டிக்கெட் எடுத்தால் குறைகிற மைலை இவர்கள் இருவரிடமிருந்தும் எடுக்கலாமா, அந்த டிக்கெட்டில் என் அம்மா போகலாமா என்று கேட்டாள். பையன் கம்ப்யூட்டரில் தட்டினான், தலையைச் சொறிந்தான், உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தான். தாராளமாகப் போகலாம் என்றான். மருமகள் ஒரு கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

தாசொம் பேனாவைக் கையில் எடுத்தாள், மறுபடி மேஜையில் வைத்தாள்.

"போடறேன். ஆனா இந்த வாங்க போங்கவை ரெண்டு பேரும் இங்கேயே இறக்கி வெச்சிடணும். இனிமே நான் பட்டு மூட்டை தூக்கமாட்டேன்."

நான் மாப்பிள்ளையின் அம்மா. நானா முதலில் இறங்கிப் பேசுவேன்? உதட்டை இறுக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தேன். பில்நாம் சுவரைப் பார்த்தாள். அந்தப் பையன் பாவம், யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் முயல் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் முள்ளங்கிக் கிம்ச்சியில உப்பு ஜாஸ்திடி," என்றாள் பில்நாம், சுவரைப் பார்த்தபடியே. "கல்யாணத்துலேருந்து ஜாஸ்தி. வாயில வைக்க முடியல."

"அடிப்பாவி. ருசியா இருந்துச்சுன்னு சொல்லி அனுப்பினியேடி?"

"அது சம்பந்திக்குச் சொன்னது."

நான் அந்த அலுவலகத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பையன் காகிதக் கைக்குட்டையைப் பெட்டியோடு நீட்டினான். பில்நாம் அதைப் பிடுங்கி முதலில் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தாசொம் கையெழுத்துப் போட்டாள்.

பில்நாம் ராணி மாதிரி படுத்துக்கொண்டே போனாள். பையில் என்ன கொண்டு போவது என்று வந்தபோது, அந்த உப்பு ஜாஸ்தி முள்ளங்கிக் கிம்ச்சியில்தான் ஒரு டப்பா வேண்டும் என்றாள். இதை இங்கே வைத்துவிட்டுப் போனால் வாங்குகிறவர்கள் உன்னை அடிப்பார்கள், அமெரிக்காவில் ஆள் தெரியாது என்றாள். திட்டிக்கொண்டே கட்டிக் கொடுத்தேன்.

போய்ச் சேர்ந்து மூன்று நாள் ஒரு தகவலும் இல்லை. நான்காம் நாள் நான் கோஸ் நறுக்கிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"என்னைப் பார்த்து யாரும்மா நீன்னுதான்டி கேட்டா," என்றாள். "மூணு நாளா அதேதான். நர்சுன்னு நினைச்சுக்கிட்டு நன்றி சொல்றா. இன்னைக்குச் சோத்துல உன் கிம்ச்சியை வெச்சுக் குடுத்தேன்."

"ம்."

"மென்னா. மூஞ்சியைச் சுளிச்சா." என்றாள் பில்நாம். "'என்ன பில்நாம், இவ்வளவு உப்பைப் போட்டிருக்கே'ன்னு கேட்டாடி."

பதிலுக்கு ஏதோ திட்டத்தான் வாயைத் திறந்தேன். அந்தப் பக்கம் அவள் அழ, இந்தப் பக்கம் நான் அழ, கிம்ச்சி வாங்க வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து முள்ளங்கிக் கிம்ச்சிக்கு நான் அதே உப்புதான் போடுகிறேன். ஜாஸ்தி என்கிறவர்கள் வேறு கடைக்குப் போகலாம்.