எட்டாம் வார்டில் கழன்று விழுந்த குரல்

அப்போது அங்கே இருந்தவர்கள்: ஏழாம் கட்டிலில் நீர்வேலி நல்லம்மா, ஆறாம் கட்டிலில் குருநகர் மக்டலீன், தாதி உதயகலா, பெரிய டொக்டர் அடைக்கலநாதன், பயிற்சி டொக்டர் நிருஷன். காலை பத்தேகாலுக்கு நிருஷனின் தொண்டையிலிருந்து அடைக்கலநாதனின் குரல் கழன்று தரையில் விழுந்தது. கட்டிலுக்குக் கீழே அது உருண்டு போனதை மக்டலீன் கண்டாள்.

அந்தக் குரல் நிருஷனுக்கு வேலைக்கு வந்த மூன்றாம் வாரத்தில் ஏறியது. அந்த வார்டில் எல்லாப் பயிற்சி டொக்டர்மாருக்கும் அப்படித்தான். சிலருக்கு இரண்டாம் கிழமையிலேயே வந்துவிடும். கனத்த, அவசரமான, பதிலுக்குக் காத்திராத குரல். அவன் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தால் தாய் எழும்பி நின்று, "சொல்லுங்கோ ஐயா" என்பாள். அடைக்கலநாதனும் அதை முப்பத்தொரு வருஷத்துக்கு முன் தன் பெரிய டொக்டரிடமிருந்துதான் எடுத்தார். அதற்கு முன் அவர் எப்படிக் கதைத்தார் என்று அறிந்தவர்கள் உயிரோடு இல்லை. நிருஷனுக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டால் கை நடுங்குவதில்லை.

நல்லம்மாவுக்கு மூன்று நாளாகக் காலை பத்து மணியளவில் இரத்தத்தில் சீனி விழுந்தது. இன்சுலினைக் குறைத்தும் விழுந்தது. சாப்பிட்டீர்களா என்று அந்தக் குரல் தினமும் கேட்டது. ஓம் ஐயா என்றாள். தட்டும் வெறுமையாகவே திரும்பிப் போனது. கணையத்தில் கட்டியாக இருக்கலாம் என்று கொழும்புக்கு அனுப்ப அம்புலன்ஸ் சொல்லியாகிவிட்டது. நாலாம் நாள் அவளுடைய கண் செருகியது. நிருஷன் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினான். இன்னும் ஐந்து நிமிஷம் பிந்தியிருந்தால் கிழவி முடிந்திருப்பாள். அவள் கண் திறந்தபோது அவன் கை நடுங்கியது. குரல் விழுந்தது அப்போதுதான்.

"அம்மா, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை," என்றான். நீர்வேலி வாழைத்தோட்டத்தில் கேட்கிற சாதாரணக் குரல். "உண்மையிலை சாப்பிட்டனீங்களோ?"

"இல்லைத் தம்பி. கந்தசஷ்டியெல்லோ. மிளகும் தண்ணியும்தான்."

"பின்னை ஏன் ஓம் எண்டனீங்கள்?"

"உந்த ஐயாவுக்கு இல்லையெண்டு சொல்லேலுமோ?"

சாப்பாடு எங்கே போனது என்று உதயகலா கேட்டாள். மக்டலீன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, தான் மாதா கோயில் வேதக்காரி, தனக்கு விரதமில்லை என்றாள்.

நிருஷன் கட்டில் விளிம்பில் இருந்து பேரம் பேசினான். ஊசியின் அளவை அவன் மாற்றுவது. அவள் நேரத்துக்குப் பாலும் பழமும் எடுப்பது. பாலும் பழமும் என்றால் முருகன் கோவிக்க மாட்டான் என்று நல்லம்மா ஒத்துக்கொண்டு, இரண்டு கதலி உரித்துத் தின்றாள். பதினொரு மணிக்குச் சீனி நூற்றுப் பத்து. நிருஷனுக்கு மூன்று நாளைக்குப் பிறகு மூச்சு ஒழுங்காக வந்தது. கை இன்னும் கொஞ்சம் நடுங்கியது. அதை அவன் மறைக்கவில்லை.

அம்புலன்ஸ் வேண்டாம் என்று அடைக்கலநாதன் ரெலிபோனில் சொன்னார். அவரிடமும் அந்தக் கனத்த குரல் இல்லை; மெல்லிய, கொஞ்சம் திக்குகிற குரல். ஆர் கதைக்கிறது என்று மறுமுனையில் இரண்டு தரம் கேட்டார்கள். உதயகலா நேரத்தைக் குறித்துக்கொண்டாள். நிருஷன் எட்டாம் கட்டிலுக்கு நகர்ந்தான். பெரிய டொக்டர் தன் அறைக்குள் போய், கதவைச் சாத்தி, உள்ளே பூட்டிக்கொண்டு, தன் பெயரை ஒருதரம் சொல்லிப் பார்த்தார்.