நுனி வெட்டிய கையுறை

ரயிலு மூட்டையக்காவுக்குத் தர வேண்டிய பாக்கி ஆறாயிரத்து எழுநூற்று ஐம்பது. வட்டி கிடையாது. வட்டிக்குப் பதிலாக அவள் வாய் இருந்தது.

"என்னடா ரயிலு, நாளைக்குக் கூலி வாங்கினதும் பணம் வந்து சேருமா, இல்ல வழக்கம்போல லேட்டா?"

"வரும்க்கா. சிக்னல் விழ வேணாமா?"

மூட்டையக்கா சிரிப்பாகக் கேட்டாலும் அது அவளுக்கு அவசரப் பணம். திங்கட்கிழமைக்குள் மகளின் விடுதிப் பணத்தைக் கட்டாவிட்டால் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிடுவார்கள்.

இருவருக்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை, அழுக்குப் பக்கம். வார்டுகளிலிருந்து வரும் மூட்டையை அவிழ்த்து, விரிப்பு வேறு, உறை வேறு, ரத்தக்கறை வேறு என்று பிரிக்க வேண்டும். கூலி மூட்டைக் கணக்கு. துணியை உதறக் கூடாது, முகமூடியைக் கழற்றக் கூடாது என்று சுவரில் ஒட்டியிருக்கிறது. அதையெல்லாம் மீறுவாரில்லை, காசநோய் வார்டுத் துணியென்றால் மூச்சு விடவே யோசிப்பார்கள். கையுறை விஷயத்தில்தான் கைவரிசை. அந்தத் தடித்த உறையோடு முடிச்சு அவிழ்ப்பதற்குள் பொழுது விடிந்து பொழுது போய்விடும். அதனால் கட்டைவிரல், ஆட்காட்டிவிரல் நுனிகளைப் பலரும் கத்தரித்துவிடுவார்கள். எட்ட நின்று பார்க்கும் சூப்பர்வைசருக்கு ஒன்றும் தெரியாது.

மதியத்துக்கு மேல் ரயிலு திடீரென்று நின்றான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு பிளீச்சிங் வாளிக்குள் விரலை விட்டான். மூட்டையக்கா பார்த்துவிட்டாள். அவன் விரித்த துணியின் மடிப்பில் மூடியில்லாத ஊசி ஒன்று கிடந்தது.

"கையை எடுடா! வெந்து போகும்."

"கொசு கடிச்ச மாதிரிதான்க்கா."

"எந்தக் கொசுடா இரும்புல கொடுக்கு வச்சிருக்கு?"

குழாயடிக்கு இழுத்துப் போய், சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நர்சுகிட்டப் போ. எய்ட்ஸ் ஒட்டாம இருக்க மாத்திரை உடனே ஆரம்பிக்கணும். நேரம் போகப் போக அதுக்கு வலு இல்ல."

"போனா கையுறையைக் கேப்பாங்க. வெட்டினது தெரிஞ்சா கூலியைப் பிடிப்பாங்க. அப்புறம் உனக்கு எதைக் குடுப்பேன்? இத்தனை நாள் வெட்டாதவன்தானக்கா நான்? நாலு மூட்டை கூடப் பிரிச்சா நாளைக்கு உன் பாக்கி அடையுமேன்னுதான் வெட்டினேன்."

அவன் குத்திக் காட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்கு அதிகம் குத்தியது. அவன் கையைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள். அவள் உறையிலும் நுனி இல்லை.

"வீட்டுல பெண்டாட்டி நிறைமாசம். இதை வச்சுக்கிட்டு எப்படிடா அவ பக்கத்துல போவ?"

அவன் குழாயை மூடினான்.

"உன் கடன் தீந்துச்சு. நட."

"இப்ப சொல்லுவ. நாளைக்குக் காலையில கழுத்துல துண்டைப் போடுவ."

"போட மாட்டேன்டா."

"சாட்சி வச்சுச் சொல்லு."

ஊசியை இடுக்கியால் எடுத்து டப்பாவில் போட்டாள். எந்த வார்டு என்று நர்சு கேட்பாளென்று மூட்டைச் சீட்டையும் பிய்த்து எடுத்துக்கொண்டாள். அவன் பின்னாலேயே வந்தான், கசாப்புக்கடை ஆடு மாதிரி.

நர்சு காயத்தைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், ரத்தம் எடுத்தாள். "கையுறை எங்க?"

ரயிலு வாயைத் திறக்குமுன் மூட்டையக்கா தன் உறையைக் கழற்றி மேசையில் வைத்தாள். "எல்லாரும்தான் வெட்டுறோம்மா. கூலியைப் பிடிக்கிறதா இருந்தா என்கிட்டேர்ந்து ஆரம்பிங்க."

நர்சு அந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு மாத்திரையை அவன் உள்ளங்கையில் வைத்தாள். "ஒரு மாசம். ஒரு நாள்கூட விடக் கூடாது. நடுவுல ரத்தமும் பாக்கணும்."

அவன் மாத்திரையை வாயில் போடாமல் வைத்துக்கொண்டு அக்காவையே பார்த்தான். மகளின் பெட்டி ஒரு நொடி அவள் கண்ணுக்குள் வந்து போனது.

"நர்சம்மா, நீங்கதான் சாட்சி," என்றாள். "இவன் எனக்கு ஒரு காசு தர வேண்டியதில்ல."

அவன் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டான்.