கசாமாவுக்கு இங்கிலீஷ்

எங்கள் அலுவலகத்தில் துப்பாக்கி கிடையாது. இலக்கணம் மட்டும்தான். நாட்டுக்கு ஆபத்தானவர்கள் என்று மேலிடம் நினைக்கிறவர்களின் பெயர்களை நல்ல இங்கிலீஷில் எழுதி, சந்தைச் சுவரில் ஒட்ட அனுப்புவோம். போன முறை ஒட்டிய நான்கு பேரில் இருவர் இப்போது இல்லை. இங்கிலீஷில் பிழை என்று யாரும் புகார் சொல்லவில்லை.

இந்த முறை மருத்துவச்சி ரொசால்பா டிமாயுகா. தேடப்படும் ஒருவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆள் ஏற்றும் ஜீப்னி வண்டியில் வந்திருக்கிறாள். அதைப் பார்த்த அரிசி வியாபாரி 'கசாமா' என்று சாட்சி சொல்லிவிட்டான். எங்கள் தகாலோக் பேச்சில் கூட வந்தவரும் கசாமா, கூட்டாளியும் கசாமா, காட்டில் துப்பாக்கியோடு திரியும் தோழரும் கசாமா. மொழிபெயர்ப்பாளன் நான் 'அலாங் வித்' என்று எழுதினேன். வண்டியை விட்டு இறங்கினால் முடிந்துபோகிற உறவு அது.

தாள் எங்கள் மேலதிகாரி அட்டர்னி ஹெர்மொஹெனெஸிடம் போனது. வக்கீல் பரீட்சையில் மூன்றாம் முறைதான் தேறியவர். முதல் இரண்டும் கேள்வித்தாளின் இங்கிலீஷ் சரியில்லாததால் போயின என்பார்.

"என்னய்யா இது, அலாங் வித்? வெங்காயம் அலாங் வித் பூண்டுன்னு, சந்தைக்குக் குடுத்தனுப்புற சீட்டு மாதிரி."

"ஒரே வண்டியில வந்தாங்க, அட்டர்னி. சாட்சி சொன்னது அவ்வளவுதான்."

"கனெக்டட் வித்?"

டைப் அடிக்கும் மரிவிக் தலை நிமிரவில்லை. "கரண்டு ஆபீஸ் நோட்டீஸ்னு நெனச்சுக்குவாங்க."

"ரிலேட்டட் டு?"

"சொந்தக்காரங்கன்னு ஆயிரும்," என்றேன். "அவங்க வேற குடும்பம்."

அவர் கண்ணை மூடி, நல்ல கள்ளை ருசிப்பவர்போல் வாயை அசைத்தார். "அசோசியேட்டட் வித். கோட்டுப் போட்டுக்கிட்டு நடந்து வருது பாரு."

"அதுக்குக் கூட்டாளின்னு அர்த்தம் வந்துரும், அட்டர்னி. போன தடவையும் அதத்தான் போட்டோம்."

மரிவிக்கின் விரல்கள் நின்றன.

"அந்தம்மாவ உனக்குத் தெரியுமோ?" மெதுவாகத்தான் கேட்டார். பேனா மூடியைக் கழற்றியதும் மெதுவாகத்தான்.

என் இரண்டாவது மகளைப் பிரசவம் பார்த்தவள். ஞானஸ்நானத்தின்போது குழந்தையைக் கையில் ஏந்தி ஞானத்தாய் ஆனவள். அன்றிலிருந்து நான் அவளுக்குக் 'கும்பாரே'. உடன்பிறந்தவனுக்கு அடுத்த முறை.

"பேரு கேள்விப்பட்டிருக்கேன்," என்றேன்.

சாயங்காலத்துக்குள் கோட்டுப் போட்ட வார்த்தை சுவரேறிவிட்டது.

மறுநாள் காலை அவளே அலுவலகத்துக்கு வந்தாள். தோளில் தடுப்பூசிப் பெட்டி.

"சுவத்துல என் பேரு இருக்கு, கும்பாரே. பாதிரியார்கிட்ட கேட்டேன், பழக்கம்னு அர்த்தங்கிறார். மருந்துக்கடைக்காரன் பங்காளிங்கிறான். போலீஸ்காரன் அர்த்தமே சொல்லல. என் வீடு எந்தத் தெருன்னு கேட்டான். நீ படிச்சவனாச்சே, என்னதான் அது?"

"கூட… கூட வந்தவங்கன்னு."

"அந்த வண்டியில பதினெட்டுப் பேரு வந்தோம். மத்தவங்க பேரெல்லாம் எங்க?"

நான் மேஜையைத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

உள்ளறைக் கதவு திறந்தே இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அட்டர்னி வெளியே வந்து, அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். அவரை அவ்வளவு மரியாதையாக நான் பார்த்ததில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கும்பாரேங்கிறதுக்கு இங்கிலீஷ்ல என்னய்யா?"

"அதுக்கு… வார்த்தை இல்ல, அட்டர்னி."

"அதெப்படி இல்லாமப் போகும்," என்றார், வருத்தப்படுகிறவர்போல. "பொருத்தமா ஒண்ணு நானே பாத்துப் போடுறேன்."

மரிவிக் என்னைப் பார்க்காமல் மெஷினில் புதுத் தாளைச் செருகினாள்.