மூன்று ‘கரை தெரிகிறது’

தலைப்புக்கு அப்படி என்ன பஞ்சமோ தெரியவில்லை. எங்கள் டிவி நிலையத்தின் கேசட் அறையில் ‘கரை தெரிகிறது’ என்ற பெயரில் ஒரு சினிமா இருக்கிறது, ஒரு மணி நேர நாடகம் இருக்கிறது, அறுநூறு பகுதி ஓடி ஊரார் உயிரை வாங்கிய தொடரும் இருக்கிறது. மூன்றுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது.

பட்டியல் எழுதுபவள் நான். தலைப்பை மட்டும் எழுதுவேன். ஆண்டு எழுத மாட்டேன். இருபது வருடப் பழக்கம். யார் சொல்லியும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அந்தத் திமிருக்கு ஒரு நாள் காலை நல்ல அடி விழுந்தது. வயதான தம்பதி ஒன்று வந்தது. அந்த அம்மாள் கழுத்தில் துணி சுற்றியிருந்தார். இருவருக்கும் சேர்த்துக் கணவரே பேசினார்.

“இவ ‘கரை தெரிகிறது’ங்கற ஒரு மணி நேர நாடகத்துல நடிச்சிருக்காம்மா. தொண்டையில ஆபரேஷன் ஆகி பன்னெண்டு வருஷமாச்சு. அதுக்கப்புறம் குரலே இல்ல. வீட்ல ஒரு பதிவுகூட கிடையாது. ஒரே ஒரு தடவ தன்னோட குரலக் கேக்கணுங்கறா.”

பட்டியலைப் புரட்டினேன். நாடகத்துக்கு எதிரே என் கையெழுத்து: ‘தொடரின் இன்னொரு பிரதி. மேலே பதியலாம்.’ கேசட் தொலைந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“தப்பு என்னோடதுதான். ஒரே பேரப் பாத்து ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு, மேல வேற பதியச் சொல்லிட்டேன்.”

கணவர் கத்துவதற்கு வாயைத் திறந்தார். அந்த அம்மாள் அவர் கையை அழுத்திவிட்டு, நோட்டில் எழுதிக் காட்டினார்: ‘மேல என்ன பதிஞ்சீங்க?’

“பல் பராமரிப்பு நிகழ்ச்சி. அரை மணி நேரம்.”

‘நான் கடைசிலதான் வருவேன்.’

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாங்கள் கேசட்டைத் துடைப்பதில்லை. பழையதன் மேலேயே புதியதைப் பதிவோம். புதியது முடிந்த இடத்துக்கு அப்பால் பழையது அப்படியே கிடக்கும். நடிகைக்கு அது தெரிந்திருக்கிறது.

நாடா நைந்துபோயிருந்ததால் வேகமாக ஓட்டப் பயமாக இருந்தது. முதலிலிருந்தே போட்டேன். பல் டாக்டர் தேய்த்தார், தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். கணவருக்குப் பொறுக்கவில்லை.

“நான் போய் டீ வாங்கிட்டு வரேன்” என்று எழுந்து போனார். அந்த அம்மாள் அசையவில்லை.

டாக்டர் ஒருவழியாகக் கும்பிட்டு விடைபெற்றார். திரையில் கோடு கோடாக ஓடியது. திடீரென்று யாரோ பாதி வசனத்திலிருந்து பேச ஆரம்பித்தார்கள். அதன்பின் ஒரு சமையலறை வந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஓர் இளம்பெண் நின்றாள். குரல் கணீரென்று வந்தது.

“ஏங்க! எங்க போய்த் தொலைஞ்சீங்க? இங்க வாங்க!”

“இதோ வந்துட்டேன்!” என்று வராந்தாவிலிருந்து பதில் வந்தது.

மூன்று காகிதக் கோப்பைகளைப் பிடித்துக்கொண்டு, பாதி டீயைக் கையில் கொட்டிக்கொண்டு, மனிதர் மூச்சிரைக்க ஓடிவந்தார். நாற்காலியில் வாய் மூடி உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். பிறகுதான் திரையைப் பார்த்தார். அங்கே அவள் இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள்.

“திட்டுடி,” என்றார் கண்ணைத் துடைக்காமல். “இன்னும் கொஞ்சம் திட்டு.”